செத்த கல்லூரியும் உயிர்க் கல்லூரியும்

நுழையும்முன்

நோயும் மருந்தும் மனிதனோடு பிறந்தவை. அவற்றின் வரலாறு ஏடுகளிலும் கருவிகளிலும் கண்ணாடிக் குடுவைகளிலும் சேமிக்கப்பட்டுள்ளது. சேமித்து வைத்தவற்றை மக்களுக்குக் கற்பிப்பது தனிக்கலை. எழும்பூர், பெங்களூரு, மானிப்பாய், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அக்கலை வளர்ந்த விதத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மக்கள் வைத்த பெயர்

வெளியூரிலிருந்து சென்னைக்கு வருவோர் ஒரு காலத்தில் இரண்டு 'கல்லூரி'களைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. ஒன்றைச் 'செத்த காலேஜ்' என்றும் மற்றொன்றை 'உயிர்க் காலேஜ்' என்றும் அவர்கள் அழைத்தனர். முன்னது எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகம். பின்னது அக்காலத்தில் மூர் மார்க்கெட்டை அடுத்திருந்த விலங்கியல் பூங்கா. 1851ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றபோது அருங்காட்சியகம் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தது. பின்னர் இடம் மாறிற்று. 'காலேஜ்' என்னும் பெயர் மட்டும் மக்கள் நாவிலேயே தங்கிவிட்டது போலும். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் நிறைந்த இடம் செத்த காலேஜ். உறுமும் புலியும் தாவும் குரங்கும் உள்ள இடம் உயிர்க் காலேஜ். கேலிபோல் ஒலிக்கும் இப்பெயர்களுக்குள் ஒரு திறனாய்வும் அடங்கியிருக்கிறது.

இவ்விரு கல்லூரிகளுக்கும் வித்திட்டவர் ஒருவரே. அவர் மருத்துவர். எட்வர்டு பால்ஃபர் என்னும் அந்த ஸ்காட்லாந்து நாட்டவர் சென்னைப் படையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர். சென்னை இலக்கியக் கழகம் அளித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலவியல் மாதிரிகளே தொடக்கத்தில் அவரிடம் இருந்தவை. கற்களைக் காண வந்தோர் சிலரே. உயிருள்ள புலி ஒன்றையும் சிறுத்தை ஒன்றையும் வைத்தபோது கூட்டம் பெருகியதைப் பால்ஃபர் கவனித்தார். ஆர்க்காட்டு நவாபிடமிருந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்று, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குக் காட்சிச்சாலையைத் தொடங்கினார். அதுவே 1863இல் மக்கள் பூங்காவுக்கு மாறியது. 1985இல் வண்டலூருக்குச் சென்றது.

புலியைப் பார்க்க வந்தவர் போகிற போக்கில் கற்களையும் பார்ப்பார் என்பது பால்ஃபரின் கணக்கு. இதை வெறும் கவர்ச்சி உத்தி எனத் தள்ளிவிட இயலாது. ஏனெனில் அவர் தம் வாழ்நாள் முழுதும் செய்த பிற பணிகளும் இதே திசையில் அமைந்தவை. மகப்பேறு மருத்துவ நூல் ஒன்றை இந்துஸ்தானியில் பெயர்த்ததோடு, தமிழ் முதலிய மொழிகளிலும் அதனைப் பெயர்க்கச் செய்தார். சென்னை மாகாணத்தின் தலைமை அறுவை மருத்துவராக இருந்தபோது, பெண்கள் மருத்துவம் பயில வேண்டும் என வலியுறுத்தினார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது. அறிவு யாரிடம் சென்று சேர்கிறது என்னும் வினாவை அவர் விடவே இல்லை.

அவ்வினா மருத்துவ வரலாற்று அருங்காட்சியகங்களுக்கு மிகவும் பொருந்தும். பழைய நாணயத்தைப் பற்றி ஒருவர் அறியாதிருந்தால் பெரிய கேடு ஒன்றும் விளைவதில்லை. வலிப்பைப் பற்றியோ அம்மையைப் பற்றியோ அறியாதிருந்தால் உயிர் போகலாம். ஆகவே ஒரு மருத்துவ அருங்காட்சியகம் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வந்தவரிடம் பேசவும் வேண்டும்.

கையில் ஏந்திய மூளை

பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தை 'நிம்ஹான்ஸ்' என்னும் சுருக்கப் பெயரால் தமிழகத்தாரும் நன்கறிவர். வட மாவட்டங்களிலிருந்து மட்டுமன்றித் தென்கோடியிலிருந்தும் நோயாளிகளை அழைத்துக்கொண்டு அங்குச் செல்வோர் பலர். மருத்துவமனையோடு இணைந்து அங்கு ஒரு மூளை அருங்காட்சியகம் இருப்பதைச் சிலரே அறிவர். நரம்பு நோய்க்குறியியல் துறையில் பணியாற்றிய மருத்துவர் எஸ். கே. சங்கரும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகள் முயன்று திரட்டிய நூற்றுக்கணக்கான மூளைகள் அங்கு உள்ளன. ஆய்வுக்கெனச் சேர்த்தவற்றைப் பொதுமக்களும் மாணவரும் காணும்படி செய்ததே அதன் சிறப்பு. குறிப்பிட்ட நாள்களில் பார்வையாளர்களைக் குழுவாக அழைத்துச் சென்று விளக்குகிறார்கள்.

மீன், கோழி, எலி, மாடு ஆகியவற்றின் மூளைகளை முதலில் காணலாம். உயிரினம் மாற மாற மூளையின் பருமனும் மடிப்புகளும் மாறுவதை வரிசையே சொல்லிவிடுகிறது. அடுத்து, கருவில் வளரும் சிசுவின் மூளை. மடிப்புகள் இன்னும் விழாத வழவழப்பான மூளை. பிறகு நோயுற்றவை: குருதிக்குழாய் அடைத்ததால் ஒரு பகுதி அழிந்த மூளை, வெடித்துக் குருதி பரவிய மூளை, மறதிநோயால் சுருங்கியது, கட்டி வளர்ந்தது. சாலை விபத்தில் சிதைந்த மூளை முன்னே குழு சற்று நேரம் பேசாமல் நிற்கும். தலைக்கவசம் பற்றிய ஆயிரம் சுவரொட்டிகள் செய்ய இயலாததை அக்குடுவை செய்கிறது.

இறுதியில் பார்வையாளரின் கையில் உண்மையான மனித மூளை ஒன்றைக் கொடுக்கிறார்கள். உயிருள்ள மூளை கெட்டித்தயிர்போல் குழைவானது. பார்மலின் கரைசலில் ஊறியபின் அது கட்டியாகி, ரப்பர் போன்ற தன்மை பெறுகிறது. எடை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் வரை. உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே ஆயினும், உடல் பெறும் ஆக்சிஜனில் ஐந்திலொரு பங்கை அதுவே செலவிடுகிறது. இவையெல்லாம் பாடநூலில் உள்ள செய்திகளே. ஆயினும் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான ஒரு பொருளை உள்ளங்கைகளில் ஏந்தி, 'ஒருவர் தம் தாயின் முகத்தை இதனுள்தான் வைத்திருந்தார்' என எண்ணும்போது அச்செய்திகளின் நிலை வேறு.

இங்குக் காட்டப்படும் மாதிரிகளுள் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் படிந்த மூளை தமிழ்நாட்டு மாணவர் நின்று பார்க்க வேண்டியது. நம் நாட்டில் வலிப்புக்கு முதன்மையான காரணங்களுள் அதுவும் ஒன்று. பன்றி இறைச்சி உண்பவருக்கே அந்நோய் வரும் எனப் பலர் கருதுவர். அது முழு உண்மையன்று. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அவை படிந்த கீரையையோ காயையோ நன்கு கழுவாமல் உண்டாலும், அவை கலந்த நீரைப் பருகினாலும், கை கழுவாதவர் சமைத்ததை உண்டாலும் முட்டை வயிற்றுக்குள் சென்று, புழுப்பருவம் குருதி வழியே மூளையை அடையும். சைவ உணவினருக்கும் இந்நோய் வருவதன் காரணம் இதுவே.

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ திணிக்கும் வழக்கம் நம் பேருந்து நிலையங்களிலும் பள்ளி வளாகங்களிலும் இன்றும் உண்டு. திணித்த சிறிது நேரத்தில் வலிப்பு நின்றுவிடுகிறது. பார்த்தவர் இரும்பை நம்புகின்றனர். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இரும்பு வந்த நேரமும் வலிப்பு அடங்கும் நேரமும் ஒன்றாகி விடுவதே அந்நம்பிக்கையின் வேர். செய்ய வேண்டியவை வேறு. கூர்மையான பொருள்களை அகற்ற வேண்டும். தலைக்கு அடியில் மென்மையாக ஏதேனும் வைக்க வேண்டும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கலாகாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் 108க்கு அழைக்க வேண்டும். நீர்க்கட்டி படிந்த ஒரு மூளையைக் கண்டு, அதன்மேல் வினாக் கேட்டு, விடை பெற்றுத் திரும்பிய மாணவர் வகுப்பில் நண்பருக்கு வலிப்பு வரும்போது சாவியைத் தேடி ஓடமாட்டார்.

மூளையும் மனமும் நோயுறும், அந்நோய்க்கு மருத்துவம் உண்டு என்னும் அறிவு பரவாத இடத்தில் என்ன நேரும் என்பதைத் தமிழகம் ஒருமுறை கொடிய விலை கொடுத்து அறிந்தது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாரும். நோயின் பெயரே தெரியாத குடும்பங்கள் அவை.

குடுவைக்குள் இருப்பவர் யார்?

மூளைகளும் எலும்புகளும் எங்கிருந்து வந்தன என்னும் வினா எழுதல் இயல்பு. நிம்ஹான்ஸில் உறவினரின் ஒப்புதலோடு கொடையாகப் பெறுகிறார்கள். மறுமையிலும் ஈமச்சடங்கிலும் ஆழ்ந்த நம்பிக்கையுள்ள சமூகத்தில், துயரத்தின் நடுவே ஒரு குடும்பத்தைக் கேட்டு ஒப்புதல் பெறுவது எளிதன்று. பார்வையாளர்களிடம் இதையும் எடுத்துச் சொல்வதால் உடற்கொடை, உறுப்புக்கொடை பற்றிய உரையாடல் அங்கிருந்தே தொடங்குகிறது.

எல்லா அருங்காட்சியகங்களும் இப்படிக் கேட்டுப் பெற்றனவல்ல. அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த சார்லஸ் பைர்ன் மிக உயரமான மனிதர். தம் உயரத்தைக் காட்சியாக்கியே பிழைத்தவர். தாம் இறந்தபின் உடல் மருத்துவர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது, கடலில் இட வேண்டும் என்பது அவரது விருப்பம். 1783இல் அவர் இறந்தார். ஜான் ஹன்டர் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் உடலைத் தம்வயப்படுத்தினார். லண்டனிலுள்ள ஹன்டரியன் அருங்காட்சியகத்தில் அவ்வெலும்புக்கூடு இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நின்றது. 2023இல் புதுப்பித்துத் திறந்தபோதுதான் அதனை இனிக் காட்சிக்கு வைப்பதில்லை என அந்நிறுவனம் முடிவு செய்தது. அவ்வுடலால் மருத்துவ அறிவு வளர்ந்ததும் உண்மை. உடலுக்குரியவர் வேண்டாம் என்றதும் உண்மை.

நம் எழும்பூரிலும் இதற்கு இணையான ஓர் அத்தியாயம் உண்டு. 1885 முதல் 1908 வரை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மருத்துவம் பயின்றவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். அளவுகோல்களைக் கொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து அட்டவணையிடுவதில் அவர் பெரிதும் ஈடுபட்டார். அருங்காட்சியகத்திற்கு வந்தவர்களும் அந்த அளவுகோலுக்குத் தப்பவில்லை. பார்க்க வந்தவரே காட்சிப்பொருளாக மாறிய விந்தை அது. மூக்கின் அகலத்தைக்கொண்டு மனிதரின் தரத்தைக் கணிக்கும் அக்காலத்து முறை பின்னர் அறிவியலால் கைவிடப்பட்டது. அருங்காட்சியகம் ஒன்று மக்களைச் சந்திக்கும் விதத்தில் மரியாதை முதலில் வர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எம்மொழியில் விளக்குவது?

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் மருத்துவத்தில் நீங்காத ஆர்வம் கொண்டவர். மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருந்து செய்வதற்கெனத் தன்வந்திரி மகாலை நடத்தினார். கண் நோயாளிகளின் நோய்க்குறிப்புகளை எழுதுவித்ததோடு, நோயுற்ற கண்ணை ஓவியமாகவும் வரையச் செய்தார். அவ்வோவியங்கள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அங்குத் தொகுக்கப்பட்ட மருந்து முறைகள் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் பெயரில் தமிழ்ச் செய்யுளாக அமைந்து, நூலகத்தின் வெளியீடுகளாக வந்துள்ளன. மராட்டிய மன்னர் ஒருவரின் அரண்மனை மருத்துவம் தமிழ்ப் பாட்டாக அமைந்ததை எண்ணிப் பார்க்கலாம். மருந்து யாருக்கோ அவர் மொழியில் அது இருக்க வேண்டும் என்னும் தெளிவு அங்கு இருந்தது.

அத்தெளிவை அடுத்த நிலைக்கு உயர்த்தியவர் அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்த அவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்ததோடு கற்பிக்கவும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் பயின்ற மாணவர் பட்டம் பெற்றதும் அரசுப் பணி நாடி வெளியூர் சென்றுவிடுவதைக் கண்டார். சிற்றூரில் தங்கி உழைக்கும் மருத்துவர் வேண்டுமெனில் தமிழிலேயே கற்பிப்பது என முடிவு செய்தார். அதற்காகத் தாமும் தமிழ் பயின்றார், மாணவர்களோடு சேர்ந்து நான்காயிரத்திற்கும் மேற்பட்ட பக்கங்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை உருவாக்கினார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழில் உடற்கூற்றியல் வகுப்பு நடந்தது என்பதை நினைவில் கொண்டால், குடுவையின்மேல் ஆங்கிலச் சீட்டு மட்டும் ஒட்டி வைத்துவிட்டு 'மக்கள் ஆர்வம் காட்டுவதில்லை' எனக் குறைபடுவதில் பொருளில்லை என்பது விளங்கும்.

பொருநைக் கரையில்

தச்சநல்லூர் திருநெல்வேலி மாநகரின் வடபகுதி. அங்கிருந்து புறப்படும் பேருந்து சந்திப்பைத் தொட்டு, 1843இல் கட்டப்பெற்ற சுலோசன முதலியார் பாலத்தின் வழியே தாமிரபரணியைக் கடந்து, வண்ணார்பேட்டை தாண்டிப் பாளையங்கோட்டையை அடைகிறது. அங்கு 1964இல் தொடங்கப்பெற்ற அரசு சித்த மருத்துவக் கல்லூரி உள்ளது. பொதிகை மலையின் மூலிகை வளமும் அகத்தியர் மரபும் இவ்வாற்றுப் படுகையோடு பின்னிப் பிணைந்தவை ஆதலால், இங்கு அக்கல்லூரி அமைந்தது பொருத்தமே.

சித்த மருத்துவக் கல்வியில் மருந்துப்பொருள்களைப் பற்றிய பாடத்திற்குக் 'குணபாடம்' என்பது பெயர். தாவரம், தாது, சீவம் என்னும் மூவகைப் பொருள்களின் சுவை, தன்மை, செய்கை ஆகியவற்றை அது கற்பிக்கும். வேரும் பட்டையும் விதையும், உப்புகளும் உலோகங்களும், அறுபத்து நான்கு என மரபு கணக்கிடும் பாடாணங்களும், சங்கும் சிப்பியும் பவளமும் குடுவைகளில் அடுக்கப்பட்ட காட்சிக்கூடம் குணபாடத்தின் ஆய்வுக்கூடம் போன்றது. கல்லூரி மாணவர்க்கு அது அன்றாடப் பாடம். பொதுமக்களுக்கும் பள்ளி மாணவர்க்கும் மூலிகைக் கண்காட்சி நடத்தும்போது அதே பொருள்கள் ஊரோடு பேசத் தொடங்குகின்றன. அகத்தியரின் பிறந்த நாளாகக் கருதப்படும் மார்கழித் திங்கள் ஆயிலிய நாள் 2018 முதல் சித்தர் நாளாகக் கொண்டாடப்பட்டு வருவதும் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு வாய்ப்பாகியுள்ளது.

கண்காட்சியில் ஒரு மாணவர் காண வேண்டிய இரு விதைகள் உண்டு. ஒன்று எட்டி, மற்றொன்று தேற்றான். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த மரங்களின் விதைகள். எட்டி விதை தட்டையாக, சட்டைப் பொத்தானைப்போல் வட்டமாக, மெல்லிய மயிர்ப் படர்ந்து பளபளக்கும், கடும் நஞ்சு. முறைப்படி தூய்மை செய்தாலன்றி மருத்துவரும் அதனைத் தொடார். தேற்றாங்கொட்டையோ சிறிதாக, உருண்டையாக இருக்கும். கலங்கிய நீரைத் தெளிய வைப்பது. கலித்தொகைக் காலத்திலேயே தமிழர் இவ்விதையால் நீரைத் தெளிவித்தனர். கலங்கிய உள்ளம் தெளிவதற்கு அந்நூல் அதனை உவமையாக்கியது. செய்யுளில் உவமையாகப் படித்த விதையைக் கையில் வைத்துப் பார்ப்பதும் ஓர் இலக்கிய அனுபவமே.

ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி செந்நிறமாகப் பெருகி வரும். அந்நீரை ஒரு மண்பானையில் ஊற்றி, உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வைத்தால், அதிலுள்ள பொருள்கள் நீரில் மிதக்கும் மண் துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கும். சிறிது நேரத்தில் மேல்நீர் தெளியும். எந்தக் கண்காட்சியிலும் எளிதாகச் செய்து காட்டத்தக்க சோதனை இது. ஆனால் விளக்குபவர் இங்கே நிறுத்திவிடக் கூடாது. தெளிந்த நீர் தூய நீரன்று. வாந்திபேதியையும் குடற்காய்ச்சலையும் உண்டாக்கும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாமல் அதில் இருக்கலாம். கொதிக்க வைத்தே பருக வேண்டும். முன்னோர் அறிவைப் போற்றுவதும் அதன் எல்லையைச் சொல்வதும் ஒரே நாவிலிருந்து வரும்போதுதான் அது கல்வி. போற்றுதல் மட்டும் நிகழும் கண்காட்சிகள் நம்மிடையே மிகுதி, இது வருந்தத்தக்கது.

> தெரியுமா?
> நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் அன்று. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு என ஒன்பது பொருள்கள் சேர்ந்தது. நிலவேம்பு சிறுசெடி, வேப்பமரத்திற்கும் அதற்கும் கசப்பைத் தவிர உறவில்லை.

2012ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சல் திருநெல்வேலி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. அதன்பின் நிலவேம்புக் குடிநீர் தெருமுனைகளிலும் பள்ளிகளிலும் வழங்கப்பட்டதைப் பலரும் நினைவுகூர்வர். கண்காட்சியில் நிலவேம்புக் கொத்துக்கு அருகில் மூடப்படாத தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் வைப்பது நல்லது. டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் அன்று, வீட்டுக்குள் தேக்கி வைத்த நன்னீரிலேயே முட்டையிடுகிறது; பகலில் கடிக்கிறது. கோடையில் குடத்திலும் தொட்டியிலும் நீர் சேமிக்கும் தெருக்களுக்கு இச்செய்தி குடிநீரைப் போலவே இன்றியமையாதது.

பாட்டியின் கையில் உள்ள தழும்பு

மருத்துவ வரலாற்றின் மிகப் பெரிய வெற்றிக்குச் சான்று அருங்காட்சியகத்தில் மட்டும் இல்லை. தச்சநல்லூர்த் தெருக்களில் மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோரின் கைகளில் இருக்கிறது. வட்டமாக, நடுவில் குழிந்து, சிலருக்கு இரண்டாகவும் காணப்படும் அத்தழும்பு பெரியம்மைத் தடுப்பூசியின் அடையாளம். 'அம்மை குத்துதல்' என்று அதனைச் சொல்வர். ஊசிக்குரிய மருந்துக்கு 'அம்மைப்பால்' என்னும் அழகிய பெயர் தமிழில் இருந்தது. இன்றைய மாணவர் கையிலுள்ள சிறு தழும்பு காசநோய்த் தடுப்பூசியினால் ஆனது, இரண்டும் வேறு.

பெரியம்மை என்னும் வைசூரி வந்தவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மாண்டனர். பிழைத்தோர் பலர் பார்வையை இழந்தனர். அதனைத் தெய்வத்தின் வருகையாகக் கருதிய மக்கள் ஊசிக்கு அஞ்சிக் குழந்தைகளை ஒளித்து வைத்ததும் உண்டு. கிண்டியில் 1899இல் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையமாகத் தொடங்கி, கிங் நோய்த்தடுப்பு நிறுவனமாக வளர்ந்த அமைப்பு தென்னாட்டுக்கு மருந்து வழங்கியது. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கண்ட அ. இராமச்சந்திர ராவ் பெரியம்மையைப் பற்றி எழுதிய நூல் 1972இல் வெளிவந்தது.

இறுதிக்கட்டத்தில் மருந்தைவிடக் கூர்மையாகச் செயற்பட்டது ஒரு சிறிய அட்டை. அம்மை கண்ட குழந்தை ஒன்றின் வண்ணப்படம் அதில் இருந்தது. சுகாதாரப் பணியாளர்கள் அதனை வீடுதோறும், சந்தைதோறும், பள்ளிதோறும் எடுத்துச் சென்று, 'இப்படி யாரையாவது பார்த்தீர்களா?' எனக் கேட்டனர். படிப்பறிவு இல்லாதவரும் விடை சொல்ல முடிந்தது. பெரியவர்கள் மறைத்த நோயைப் பள்ளிப் பிள்ளைகள் ஒளிவின்றிச் சொன்னார்கள். புதிய நோயாளியைப் பற்றித் தகவல் தருவோருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. அத்தொகை படிப்படியாக உயர்ந்து ஆயிரம் ரூபாயை எட்டியது. நோய் இருந்த வீட்டைச் சுற்றி வாழ்வோர் அனைவருக்கும் உடனே ஊசி போடப்பட்டது. 1975இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி குணமடைந்தார். 1980 மே மாதம் உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக உலக நலவாழ்வு மன்றம் அறிவித்தது.

அவ்வட்டை இன்று ஓர் அருங்காட்சியகப் பொருள். அட்டையைப் பார்த்துத் தலையசைத்த சிறுமியரில் பலர் இன்று பாட்டிமார். அம்மை குத்துபவர் தெருவுக்குள் நுழைந்த நாளில் யார் எங்கே ஒளிந்தார்கள், யார் பிடித்துக் கொடுத்தார்கள், வேப்பிலை கட்டிய வீட்டிற்குள் என்ன நடந்தது என்பதைக் கேட்டால் அவர்கள் சொல்வார்கள். கேட்பவர் இன்னும் குறைவு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியோர் மூவரிடம் அம்மை குத்திய நினைவுகளைக் கேட்டு, அவர்கள் கூறும் சொற்களிலேயே பதிவு செய்க. நோய்க்கும் மருந்துக்கும் அவர்கள் பயன்படுத்தும் வட்டாரச் சொற்களைத் தனியே தொகுக்க.

2. உங்கள் பள்ளியில் 'வலிப்பு வந்தால் என்ன செய்வது?' என்னும் பொருளில் கால் மணி நேர நிகழ்ச்சி ஒன்றை நடத்தத் திட்டமிடுக. சாவிக்கொத்து பற்றிய வினா எழுந்தால் எவ்வாறு விடையளிப்பீர் என்பதை உரையாடலாக எழுதுக.

3. சார்லஸ் பைர்னின் எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து அகற்றியது சரியா? மருத்துவ மாணவர் ஒருவரும் பைர்னின் ஊரினர் ஒருவரும் பேசுவதாகக் கற்பனை செய்து சொற்போர் நிகழ்த்துக.